என் கால் அறியாத வண்டி

அன்புள்ள மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை கல்யாணப் பத்திரிகை, மண்டபம், பந்தி என்று எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, போனை வைக்கப்போகிற நேரத்தில் ஒன்று கேட்டாய். "சிவகங்கையில அன்னைக்கு நான் அதைச் சொன்னப்ப ஒன் மொகத்துல ஒண்ணுமே மாறலையேம்மா. கோவங்கூட வரலையா?" குக்கர் சத்தம் போடுகிறது என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை. என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் அப்படிச் செய்தேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே நீ மன்னிப்புக் கேட்பாய், நானும் மனசு இளகி "விடுப்பா" என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். உன்னைக் குத்திக்காட்டுவதற்காக இல்லை. அதே சமயம் எதையும் பூசி மெழுகவும் போவதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நீ இதைத் தெரிந்துகொள்வதுதான் நல்லது.

அந்த வண்டி நம் வீட்டுக்கு எப்படிப்பட்டது என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் ஓட்டியவள் சொல்லிக் கேட்டதில்லை. ஏழு பேர் உட்காரும் அந்த டீசல் வண்டியை அப்பா ஆசையாக வாங்கினார். வாங்கிய கொஞ்ச காலத்திலேயே சர்க்கரை அவர் கண்ணில் இறங்கிவிட்டது. எதிரே வருகிற பஸ்ஸின் நிறம்கூடத் தெரியவில்லை என்று ஒருநாள் ரோட்டோரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரமே நான் காரைக்குடி டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தேன். கூடப் படித்ததெல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் கிளட்சை மிதிக்கும்போது சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இருந்தேன். அதற்குப் பிறகு பள்ளத்தூர்ப் பக்கத்து வயலுக்கு ஆளையும் உரத்தையும் கொண்டுபோனது, பின் சீட்டை மடக்கிவிட்டுக் கடலை மூட்டை ஏற்றி வந்தது, அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது, உன்னை ரயிலேற்றிவிட்டது எல்லாம் நான்தான். அந்த வண்டிக்கு ஒரு குணம் உண்டு. முதல் கியரில் சோம்பேறி. மிதித்தவுடன் வராது, ஒரு மூச்சு வாங்கிவிட்டுத்தான் நகரும். அந்த ஒரு மூச்சை என் கால் பழகி வைத்திருந்தது. எவ்வளவு மிதிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று நான் யோசித்ததே இல்லை. கால் பார்த்துக்கொள்ளும்.

ஆவணியில் நீ லீவில் வந்தாய். நண்பன் கல்யாணம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் போனாய். அங்கே ஒரு கடையில் விட்டு, என்ஜினை ஆட்டுவிக்கிற சின்னக் கம்ப்யூட்டரில் உள்ள கணக்கை மாற்றி எழுத வைத்தாய். டியூன் போடுவது என்று அதற்குப் பெயராம். ஆசையில்தான் செய்தாய் என்று எனக்குத் தெரியும். மூட்டை ஏற்றினால் வண்டி திணறுகிறது என்று நான் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குச் சொல்லாமலே செய்து கொடுத்தால் மறுநாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அசந்துபோவாள் என்று நினைத்திருப்பாய். ஞாயிறு சாயங்காலம் வந்தாய், சாப்பிட்டாய், வேலைக்குத் திரும்ப ஓசூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாய். சாவி ஆணியில் தொங்கியது. நீ ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை பள்ளத்தூரில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் வண்டியை நிறுத்தியிருந்தேன். பஸ் ஆளை இறக்கிவிட்டு நகர்ந்தது. அங்கே ரோடு கொஞ்சம் மேடு. வீட்டிலிருந்து அதுவரை இறக்கமாக இருந்ததால் உருட்டிக்கொண்டே வந்துவிட்டேன், எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பாண்டியம்மாள் இறங்கி, காய்கறிப் பையைத் தரையில் வைத்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஓரமாக நின்றாள். கல்யாண வீடுகளுக்குச் சமையல் கோஷ்டியோடு போகிறவள். நம் வீட்டு விசேஷத்துக்கும் வந்திருக்கிறாள். அவளைச் சுற்றிக்கொண்டு போவதற்கு வேண்டிய இடம் இருந்தது. ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டு எப்போதும் மிதிப்பதுபோல மிதித்தேன். வண்டி மூச்சு வாங்கவில்லை. பாய்ந்தது. ஸ்டியரிங் ஒடிந்து முடிவதற்குள் முன்பக்கம் அவள்மேல் போய்விட்டது. பிரேக்கை எப்போது மிதித்தேன் என்று இன்றுவரைக்கும் ஞாபகம் இல்லை. இறங்கி ஓடிப் பார்த்தால், பம்பருக்குக் கீழே அவள் வலது கால் மடங்கக்கூடாத பக்கம் மடங்கிக் கிடந்தது. அவள் கத்தவில்லை. என் முகத்தைப் பார்த்து, "அக்கா, நீங்களா?" என்றாள். அந்தக் கேள்வி என்னை எத்தனையோ ராத்திரி தூங்கவிடவில்லை.

ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. கூடியிருந்தவர்கள் அவளைத் தூக்கி நம் வண்டியின் நடுசீட்டிலேயே படுக்க வைத்து, "எடுங்கம்மா, காரைக்குடிக்கு விடுங்க" என்றார்கள். அன்றைக்கு நான் ஓட்டிய ஓட்டம் எதிரிக்குக்கூட வேண்டாம். காலை லேசாக வைத்தால் எகிறுகிறது. பயந்து எடுத்தால் குலுங்கி நிற்கிறது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் பின்னாலிருந்து "மெதுவாக்கா, மெதுவா" என்று அவள் முனகுகிறாள். இத்தனை வருடம் சொன்ன பேச்சைக் கேட்ட என் கால் இன்றைக்குக் கேட்கவில்லை என்றே நினைத்தேன். வண்டிமேல் துளிச் சந்தேகம்கூட வரவில்லை. வண்டி எப்படி ஒரே ராத்திரியில் மாறும்?

போலீஸ் ஸ்டேஷனில் கேட்டபோது, "என் கால்தான் தப்பா மிதிச்சிருச்சு" என்று நானே சொன்னேன். பாண்டியம்மாளும் அவள் வீட்டுக்காரரும் கேஸ் வேண்டாம் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள். அன்று சாயங்காலம் உன்னிடம் போனில் சொன்னேன். "வண்டி பாஞ்சிருச்சுப்பா, என்னான்னே தெரியல." நீ ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாய். அதிர்ச்சியில் இருக்கிறாய் என்று நினைத்து, எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அப்பா சாவியை எடுத்துப் பீரோவில் வைத்துவிட்டார். "இனி நீ எடுக்க வேணாம், கால் நரம்பு தளர்ந்துருச்சு போல." அதிலிருந்து நம் வீடு சுருங்கிப்போனது. வயலுக்குப் போகிறது நின்று, பக்கத்து வயல்காரர் சொல்வதுதான் விளைச்சல் என்றானது. அப்பா வாசல் கேட்டைத் தாண்ட ஆட்டோ வேண்டும் என்றானது. கடைத்தெருவில் தெரிந்தவர்கள் என்னிடம் பேசிக்கொண்டே ஒருமுறை காலையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கால் தளர்ச்சிக்குக் காரணம் மூளையில் இருக்குமோ என்று மதுரையில் தலைக்கு ஸ்கேன் எடுத்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். ஓசூரிலிருந்து நேராக அங்கேயே வந்துவிட்டாய். உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது என்றார்கள். வளையலையும் தாலிச் சங்கிலியையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து உன்னிடம்தான் கொடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கழற்றினேன். அதை வாங்கும்போது உன் கை நடுங்கியது. பிள்ளை அம்மாவுக்காகப் பயப்படுகிறான் என்று நினைத்து, "ஒண்ணும் இருக்காதுப்பா, தைரியமா இரு" என்று நான் உனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு உள்ளே போனேன். அந்தக் குழாய்க்குள் கிடந்தபோது என் பயமெல்லாம், இனி எழுந்து நடமாட முடியாமல் உன் தலையில் விழுந்துவிடுவேனோ என்பதுதான். ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததே எனக்குப் பெரிய பயமாகிவிட்டது. டாக்டருக்கே பிடிபடாத ஏதோ ஒன்று என் காலில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இனிமேல் சொல்வது உனக்குத் தெரியாது.

ஐப்பசியில் அப்பா வண்டியை விற்றுவிடலாம் என்றார். தேவகோட்டையிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். கூட ஒரு மெக்கானிக்கையும் கூட்டிவந்திருந்தார். மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து இறங்கி, என்னிடம் கேட்டார்.

"ஏம்மா, இதுக்கு டியூன் போட்டிருக்கீகளா?"

"அப்புடின்னா என்னப்பா?"

அவர்தான் எனக்கு விளக்கினார். "இழுவை நல்லாக் கூடும்மா. லேசா மிதிச்சாலே பாயும். பழகுன ஆளுக்குச் சொகமா இருக்கும். தெரியாம எடுத்தா மட்டும் கொஞ்சம் சிக்கல்."

"மொதல் கியர்லயே பாயுமா?"

"மொதல் கியர்லதேன் ரொம்பத் தெரியும்."

வண்டியை விற்பதாக இல்லை என்று சொல்லி அவர்களை அனுப்பிவிட்டேன். "நல்ல ஆளா வந்தாரு, ஏன்டி தொரத்திட்ட?" என்று அப்பா கேட்டார். "மனசில்லீங்க" என்றேன். பிறகு வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். நீ ஆவணியில் எடுத்துப்போனதைத் தவிர அந்தச் சாவி வீட்டைத் தாண்டி வேறு யார் கைக்கும் போனதில்லை. முதலில் எனக்கு வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம். என் கால் நல்ல கால். பெடல்மேல் காலை வைத்துக்கொண்டு சின்னப்பிள்ளைபோல அழுதேன். அது அடங்கிய பிறகுதான் மதுரை ஞாபகத்துக்கு வந்தது. கைக்குட்டை முடிப்பை வாங்கிக்கொண்ட உன் கை ஞாபகத்துக்கு வந்தது. அது அம்மாவுக்காக நடுங்கிய கை இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்துகொண்டு, நான் வெளியே வருகிறவரை நீ எப்படி வாயைத் திறக்காமல் இருந்தாய் என்று நினைத்தபோது வந்த கோபத்தை எழுத எனக்கு எழுத்து இல்லை. அன்று நீ எதிரே இருந்திருந்தால் அறைந்திருப்பேன்.

போனைக் கையில் எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன். நான் கேட்டால் நீ ஒத்துக்கொண்டிருப்பாய், பொய் சொல்கிற பிள்ளை இல்லை. ஆனால் நான் கேட்டு வாங்குகிற உண்மை எனக்கு வேண்டாமென்று இருந்தது. நீயாக வந்து சொல்ல வேண்டும். அதனால் காத்திருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் "கால் எப்புடிம்மா இருக்கு?" என்று கேட்பாய். "அப்புடியேதான் இருக்கு" என்பேன். நீ பெருமூச்சு விடுவது கேட்கும். இப்போது சொல்லிவிடுவான், இதோ சொல்லப்போகிறான் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்பேன். நீ மழையைப் பற்றிக் கேட்பாய். ஐப்பசி போய், கார்த்திகை போய், மார்கழியும் போனது. பாண்டியம்மாள் வீட்டுக்கு வாராவாரம் போய்க்கொண்டிருந்தேன், தெரிந்த பிறகும் போனேன், அவளிடமும் சொல்லவில்லை. இதில் அது என் பங்குத் தப்பு. அதை இப்போது அவளிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவள் என்ன சொன்னாள் என்பது எங்கள் இருவருக்குள் இருக்கட்டும்.

தை மாதம் சிவகங்கையில் மலர் வீட்டுக்கு உனக்குப் பெண் நிச்சயம் பேசப் போனோம். நீதான் ஓட்டினாய். மலரின் அம்மா கேசரித் தட்டை என் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்த முகமாகக் கேட்டார். "நீங்களே வண்டி ஓட்டுவீகளாமே, மலரு சொன்னா. இன்னைக்கும் நீங்கதேன் ஓட்டியாந்தீகளா?" நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "இல்லங்க, இவளுக்கு இப்பக் கால்ல கொஞ்சம் தளர்ச்சி. ஒரு பொம்பள மேல ஏத்திட்டா. நாந்தேன் சாவிய வாங்கி வச்சுட்டேன்." அந்த அம்மாள் இரக்கத்தோடு என் காலைப் பார்த்தார். நான் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன். நீ அதைப் பார்த்தாய். நீ பார்த்ததை நான் பார்த்தேன்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாய். "அம்மா காலு நல்லாத்தான் இருக்கு" என்றாய். உன் குரல் உடைந்திருந்தது. "நாந்தான் அம்மாவுக்குச் சொல்லாம வண்டியில டியூன் போட்டு வச்சுட்டுப் போனேன். அதான் பாஞ்சிருச்சு. அன்னைக்கு அம்மா போன் பண்ணப்பவே எனக்குத் தெரியும்." அப்பா உன் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பி, "என்னடா சொல்ற?" என்றார். அவர் கையிலிருந்த தண்ணீர் டம்ளர் சரிந்து வேட்டி நனைந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

மலரின் அப்பா மெதுவாகக் கேட்டார். "இத்தன மாசமா ஏந்தம்பி சொல்லல?"

"பயந்துட்டேன் மாமா."

"பெத்தவகிட்டயே சொல்லப் பயம்னா..." என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் நிறுத்திக்கொண்டார். அப்போதுதான் உள்ளறை வாசலில் நின்றிருந்த மலர் உன்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்தப் பாண்டியம்மாகிட்டச் சொல்லிட்டீகளா?"

"இன்னும் இல்ல."

"அப்ப எங்ககிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? மொதல்ல அங்குட்டுப் போயிட்டு வாங்க."

தட்டு மாற்றாமலே கிளம்பினோம். யோசித்துச் சொல்கிறோம் என்றார் அவள் அப்பா. வாசலில் வண்டியருகே நீ நின்ற நிலையைப் பார்த்தபோது, இந்தக் கல்யாணம் இத்தோடு போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன். என் முகம் மாறவில்லை என்று கேட்டாயே, அதற்குக் காரணம் இதுதான். மாற வேண்டியதெல்லாம் ஐப்பசியிலேயே மாறி முடிந்திருந்தது. அன்றைக்கு நான் கேட்டுக்கொண்டிருந்தது செய்தியை இல்லை, உன் குரலை.

சாவியைக் கொடு என்று கேட்டு வாங்கினேன். அப்பா தடுக்கவில்லை, ஆனால் கதவுக் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதே டியூன் போட்ட வண்டிதான். பெடலில் கால் கட்டைவிரலை மட்டும் வைத்து அழுத்தினேன். நகர்ந்தது. அதன் வேகம் இன்னதென்று தெரிந்துகொண்டு மிதித்தால் அதுவும் சொன்னபடி கேட்டது. காரைக்குடி வருவதற்குள் அப்பா கைப்பிடியை விட்டுவிட்டுத் தூங்கிப்போனார். நீ பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாய். நான் கண்ணாடியில் பார்த்தேன். அழட்டும் என்றிருந்தேன்.

பள்ளத்தூரில் பாண்டியம்மாள் ஊன்றுகோலோடு வந்து கதவைத் திறந்தாள். நீ நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாய். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது. "ஒங்கம்மா வாராவாரம் வந்து என் காலத் தொட்டுப் பாத்து அழுதுட்டுப் போவாக. வலியோட வலியா நாந்தேன் தேத்தி அனுப்பிச்சேன். நீங்க ஒரு போன் போட்டிருந்தா அவுகளுக்கு அழுக மிச்சம், எனக்குத் தேத்துற வேல மிச்சம்" என்றாள். "மன்னிச்சுருங்கக்கா" என்று நீ குனிந்தாய். அவள் ஊன்றுகோலைக் குறுக்கே நீட்டித் தடுத்தாள். "இன்னைக்கு முடியாது தம்பி. என் வாயில என்னென்னமோ வருது. நாளைக்கு வாங்க. தனியா வாங்க." மறுநாள் நீ பஸ் ஏறித் தனியாகப் போனாய், பொழுது சாய்ந்துதான் திரும்பினாய். அங்கே என்ன நடந்தது என்று நான் உன்னையும் கேட்கவில்லை, அவளையும் கேட்கவில்லை. அவள் உன்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு இருந்துவிடாதே. அவளால் இன்னும் அடுப்படியில் நின்று வேலை பார்க்க முடியவில்லை. உட்கார்ந்து காய் நறுக்கத்தான் போகிறாள். கல்யாணம் ஆகிவிட்டது, ஓசூர் தூரம் என்று அவளை விட்டுவிடாதே. ஊருக்கு வரும்போதெல்லாம் போ. அவள் முகம் கொடுக்காவிட்டாலும் போ.

அன்று இரவே மலர் உனக்குப் போன் செய்து, போனாயா என்று மட்டும் கேட்டாள் என்றும், அடுத்த வாரம் அவள் அப்பா சம்மதம் சொன்னார் என்றும் நீ சந்தோஷமாகச் சொன்னாய். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்தக் கூடத்தில் நாமெல்லாம் உன்னையும் என்னையும் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தபோது, கால் உடைந்தவளை நினைத்தது அவள் ஒருத்திதான். அவளோடு வாழப்போகிறாய். அவளுக்கு நல்லது என்று நினைத்து, சந்தோஷப்படுவாள் என்று நினைத்து, அவளைக் கேட்காமல் எதையும் மாற்றி வைக்காதே. வேலையை மாற்றுவதானாலும் சரி, வீட்டை மாற்றுவதானாலும் சரி. அவள் தன் பழக்கத்தில் காலை வைப்பாள். அப்போது நீ பக்கத்தில் இருக்க மாட்டாய். ஒருவேளை சொல்லாமல் செய்துவிட்டாய் என்றால், அடி விழுந்த அன்றைக்கே சொல்லிவிடு.

வண்டியில் பழைய கணக்கையே ஏற்றச் சொல்லிவிட்டேன். நீ வந்து செய்கிறேன் என்றாய், நான் காத்திருக்கவில்லை. அப்பாவையும் கூட்டிக்கொண்டு நானே கோயம்புத்தூர் போய் வந்தேன். கோபத்தில் செய்யவில்லை. உள்ளதைச் சொன்னால், திரும்பி வரும்போது வண்டி ரொம்ப மந்தமாகத் தெரிந்தது. கொஞ்ச நாளில் பழகிவிடும்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். அந்த மார்கழியில் நான் ஒரு முடிவு எடுத்திருந்தேன். கல்யாணம் முடிகிறவரை நீயாகச் சொல்லாவிட்டால், நானும் சாகிறவரை சொல்வதில்லை, பழி என் காலோடேயே போகட்டும் என்று. தியாகம் என்று நினைத்துவிடாதே. அது உன்னை எனக்குள்ளே தலைமுழுகுகிற வழி. நீ வந்தால் சோறு போட்டிருப்பேன், பேரப்பிள்ளையை மடியில் வாங்கியிருப்பேன், ஊர் மெச்சச் சிரித்திருப்பேன். ஆனால் உன்னை நம்பியிருக்க மாட்டேன், அது உனக்குத் தெரியவும் விட்டிருக்க மாட்டேன். அப்படி ஒரு அம்மாவாக ஆகிவிடுவேனோ என்ற பயம், ஸ்கேன் குழாய்க்குள் கிடந்த பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. சிவகங்கையில் நீ தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தபோது எனக்கு உயிர் வந்தது.

உன் அம்மா